நாலாம் விதியும் ஓர் எலுமிச்சை மரமும்

வறட்சிக் காலத்துக்கான பதினோரு விதிகளையும் நான்தான் எழுதினேன். ஷவருக்குக் கீழே நின்றபடி எழுதினேன். அவற்றில் நாலாவது விதி ஷவரைத் தடை செய்கிறது.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது பிரிவுத் தலைவர். வாழ்க்கையில் நான் உருப்படியாக யோசித்ததெல்லாம் தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதுதான். நாற்காலியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். நடந்தால் முழங்கால் வலிக்கும். ஷவரைத் திறந்தால் மட்டும் மூளையில் விளக்கெரியும். கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தது அங்கேதான். அது சரியான முடிவுதானா என்று முப்பது வருடமாக யோசித்து வருவதும் அங்கேதான்.

நீர்த்தேக்கத்தில் சேறு தெரிய ஆரம்பித்த வாரம், ஆணையர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில விதிகள் என் மேஜைல இருக்கணும்."

அன்று மாலை நாற்பது நிமிடம் குளித்தேன். பதினோரு விதிகள் பிறந்தன.

பதினொன்றையும் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். இந்தக் கதைக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். செடிகொடிகளுக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் அந்த வீட்டுக் குழாயை ஒரு மாதம் மூடி முத்திரை வைத்துவிடுவோம். இது இரண்டாம் விதி. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும், ஷவர் கூடாது என்பது நாலாம் விதி. மீறினால் குழாயை மூட மாட்டோம். அடுத்த வீட்டுக்காரர் சாட்சியாக நிற்க, மீறியவர் பதினைந்து நாள் ஒரு வாளியில் குளித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தண்டனை வலிக்கக் கூடாது, வெட்கப்பட வைக்க வேண்டும். இந்த வரி உதித்தபோது எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். கையிலிருந்த சோப்பு கீழே விழுந்தது.

குளித்த தண்ணீரைச் செடிக்கு விடலாம் என்றது ஏழாம் விதி. சும்மா ஓர் அழகுக்காகச் சேர்த்தது.

விதிகளின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஊருக்கு விதி எழுதியவன் வீட்டில் விதி நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதையும் கடைசி வரிசை வரை படிக்காமல் விடமாட்டாள்.

"ஏங்க, எலுமிச்சைக்கு எவ்வளவு?"

"எதுக்கு?"

"பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம் நிக்குது. ஏழு வருஷமா நிக்குது. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. இந்த வருஷம்தான் முதல் தடவையா மொட்டு விட்டிருக்கு. அதுக்கு எவ்வளவு தண்ணி?"

"ரெண்டாம் விதி. ஒரு சொட்டு கிடையாது."

"ஒரு வாளி?"

"சொட்டுன்னேன்."

"சொந்தப் பொண்டாட்டிக்குக் கூடவா?"

"சட்டத்துக்குப் பொண்டாட்டி கிடையாது."

"அது குடுத்து வெச்சது" என்றாள்.

பிறகு ஏழாம் விதியின் மேல் விரலை வைத்தாள். "குளிச்ச தண்ணியை ஊத்தலாமா?"

"தாராளமா."

"எவ்வளவு குளிக்கிறோமோ அவ்வளவும்?"

"அவ்வளவும்."

"சரி."

முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். அவள் சண்டை போட்டால் பயமில்லை. 'சரி' என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும். ஆனால் அன்று சட்டம் இயற்றிய பெருமிதத்தில் இருந்தேன். பாடம் மறந்துவிட்டது.

அவள் பார்க்கப் பார்க்க ஷவரைக் கழற்றினேன். பழைய மேஜைவிசிறி வந்த அட்டைப் பெட்டியில் போட்டு, ஸ்பானரையும் கூடவே வைத்து, அலமாரி உச்சியில் ஏற்றினேன். நாட்டுக்காகப் பதவி துறந்தவன் போல நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

"இனிமே இந்த வீட்டுல ஷவர் சத்தம் கேக்காது."

"பார்க்கலாம்" என்றாள். அதாவது, கண் பரிசோதனையில் சொல்வாளே, அந்தப் 'பார்க்கலாம்'.

நான்கு நாள் தாங்கினேன். நான்கே நாள். ஒரு வாளித் தண்ணீரில் உடம்பு நனைகிறது, யோசனை நனைவதில்லை. முதல் நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். இரண்டாம் நாள் பக்கத்துப் பிரிவில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தேன். நாலாம் நாள் ஆணையர் என்னை அழைத்து, நான் எழுதிய கடிதம் ஒன்றை நீட்டினார். நீர்த்தேக்கத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுத வேண்டியது. நான் நீர்த்தேக்கத்துக்கே எழுதியிருந்தேன். 'தாங்கள் நாளுக்கு நாள் குறைந்து வருவது குறித்து உடனடியாக விளக்கம் அளிக்கவும்.'

"உடம்பு சரியில்லையா?" என்றார் மேடம்.

வீட்டுக்கு வரும் வழியில் என்னையே கேட்டுக்கொண்டேன். ஊருக்கு வேண்டியது என் மூளையா, இல்லை நான் மிச்சம் பிடிக்கும் நாலு வாளித் தண்ணீரா? நான் யோசிக்காமல் போனால் ஊரின் தண்ணீர் முழுவதும் வீணாகுமே. அதற்கு நாலு வாளி ஒரு விலையா? நியாயம் என் பக்கம் தெளிவாக இருந்தது. மனைவி மட்டும்தான் எதிர்ப்பக்கம்.

அங்கேயும் விதி எனக்கு வழிவிட்டது. அன்று மாலை அவளே சொன்னாள்.

"ஏங்க, கடையில நேரத்தை மாத்திட்டாங்க. நாளையிலேருந்து நான் வர ஆறரை ஆகும். அஞ்சேகாலுக்கு வந்தா நீங்களே டீ போட்டுக்குங்க."

"அடடா, பாவம்" என்றேன். வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்வது மிகவும் கஷ்டமாக இருந்தது.

என் திட்டத்தை இங்கே எழுதிவைக்கிறேன். படித்தவர்கள் பாராட்டட்டும். ஐந்தேகாலுக்கு வீடு. ஐந்தரைக்குள் பெட்டியை இறக்கி ஷவரை மாட்டிவிடுவேன். தண்ணீர்ச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி ரேடியோவை உரக்க வைப்பேன். இருபது நிமிடக் குளியல். பிறகு ஷவரைக் கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் பழைய தூசியைத் திரும்பத் தூவுவேன். அந்தத் தூசியை ஒரு டப்பாவில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். குளியலறைத் தரையைத் துணியால் துடைத்து, தலையை மின்விசிறிக்குக் கீழே காயவைத்தால் ஆறேகாலுக்கு வேலை முடிந்தது. மீட்டர் பற்றிக் கவலையில்லை. மீட்டர் பார்ப்பவர் என் கீழ் வேலை செய்பவர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், அந்த வருகைத் தேதியைப் போடுவது நான்.

இரண்டு மாதம் அப்பழுக்கில்லாமல் நடந்தது. என் கடிதங்கள் மறுபடி மனிதர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆணையர் இரண்டு தடவை பாராட்டினார்.

மனசாட்சி இல்லாதவன் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு போலியா என்று ஷவருக்குக் கீழே நின்று பல தடவை கேட்டுக்கொண்டேன். நேர்மையான கேள்வி. நேர்மையான கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. அந்த நாட்களில் மட்டும் குளியல் முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

வீட்டில் ஒரே ஒரு மாற்றம். என் வாசனை சோப்பைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக, மணமே இல்லாத ஒரு கட்டி இருந்தது. ஷாம்பூவும் போய்விட்டது.

"என்ன சோப்பு இது?"

"சாதுவான சோப்பு. நல்லது."

"எனக்கா?"

"எல்லாருக்கும்."

நானும் நம்பினேன். ஐம்பத்துநாலு வயதில் மனைவி நம் சருமத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

அடுத்த வீட்டுக்காரரை இப்போது உள்ளே விட வேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவில் அவருக்குப் 'பிரேக்' என்று பெயர். முப்பது வருடம் மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்து, நடக்கும்போதும் பேசும்போதும் எங்கே ஆபத்து தெரிந்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டு முன்னால் ஒரு புல்தரை வைத்திருந்தார். இரண்டாம் விதி வந்து மூன்றாம் வாரம் அது செத்தது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்வார். சிரிக்க மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை அவர் என் ஆபீஸுக்கே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார்.

"புகார் சார். முத்திரை குத்திக் குடுங்க."

"யார் மேல?"

"உங்க மேலதான் சார். வாங்கி முத்திரை குத்துற வேலையும் உங்களுதுதான். தப்பா எடுத்துக்காதீங்க."

"எங்க வீட்டுல என்ன தப்பைக் கண்டீங்க?"

"உங்க எலுமிச்சை மரம் சார். தெருவுல ஒரு இலை மிச்சம் இல்லை. உங்க மரம் மட்டும் எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளன்னு நிக்குது. தினமும் அஞ்சரைக்கு உங்க வீட்டு ரேடியோ அலறுது. அடுத்த அஞ்சு நிமிஷத்துல மரத்தடி மண்ணு ஈரமாகுது. நான் சுவர் மேலேருந்து பார்க்கிறேன். ரேடியோ சத்தத்துல மறைச்சு யாரோ குழாயைத் திறந்து விடறாங்க."

நான் என் பெயருக்கு எதிரான புகாரில் என் கையால் முத்திரை குத்தி, என் கையெழுத்தைப் போட்டு, நகல் கொடுத்தேன். தண்ணீர்ப் பிரிவு ஆட்கள் மேல் வரும் புகாரை ஆணையரே நேரில் விசாரிக்க வேண்டும் என்கிறது பதினோராம் விதி. அதுவும் என் படைப்புதான். விசாரணை சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கம் போனேன். பல மாதம் கழித்து அங்கே கால் வைக்கிறேன். அந்த மரம்! ஊரே தாகத்தில் வாடும்போது அது மட்டும் மாப்பிள்ளை போல நின்றது. வெள்ளைப் பூ. பூவுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் பச்சைப் பிஞ்சுகள். அடிமண்ணில் செருப்பு புதைந்தது.

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது சந்தோஷம். முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் தப்புச் செய்திருக்கிறாள்! அவள் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

"மரத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

"ஏழாம் விதிலேருந்து."

"ரெண்டு பேர் ரெண்டு வாளியில குளிச்ச தண்ணிக்கா அப்படி செழிக்குது?"

"உங்க விதி அவ்வளவு நல்ல விதிங்க."

"விளையாடாதே. சனிக்கிழமை ஆணையர் வர்றாங்க. குழாய்த் தண்ணி ஊத்தினேன்னு தெரிஞ்சா ஒரு மாசம் நம்ம வீட்டுக் குழாய்க்கு முத்திரை. விதி எழுதினவன் வீட்டுக்கே முத்திரைன்னா அப்புறம் நான் அந்த நாற்காலியில உட்கார முடியுமா? அந்த மரத்தையும் வெட்டச் சொல்லுவாங்க."

மரம் என்றதும் அவள் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரியானது.

"பயப்படாதீங்க. உண்மையைச் சொன்னா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"யாரோட உண்மையை?"

"யாரோடதா இருந்தா என்ன?"

சனிக்கிழமை பத்துக்கு ஆணையர் வந்தார். குள்ளமான அம்மா, கையில் நீளமான குடை. எதுவும் பேசாமல் மரத்தடிக்குப் போய்க் குடையின் நுனியை மண்ணில் குத்தினார். குடை அரையடி இறங்கியது.

"சொல்லுங்க" என்றார் பிரேக்கைப் பார்த்து.

பிரேக் சொன்னார். ஐந்தரை, ரேடியோ, ஐந்து நிமிடம், ஈரம். ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல் இரண்டு மாதம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அவர் பார்த்ததெல்லாம் சரி மேடம்" என்றாள் என் மனைவி. "ஆனா அஞ்சரைக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன். ஆறு மணி வரைக்கும் கடையில கண்ணு பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் நடந்து வர அரை மணி. கடையில கேட்டுக்கலாம். இன்னொண்ணு, இது குழாய்த் தண்ணியும் இல்லை."

ஒரு சிறு மண்வெட்டியை எடுத்து மரத்தடியில் நாலு தடவை கொத்தினாள். மண்ணுக்குள்ளிருந்து சாம்பல் நிறக் குழாய் ஒன்று எட்டிப்பார்த்தது.

"குளியலறைக் கழிவுத் தண்ணி. முன்னாடி சாக்கடைக்குப் போயிட்டு இருந்தது. பிளம்பரை வெச்சு இங்கே திருப்பிட்டேன். ஏழாம் விதி மேடம். எழுதினவர் இங்கேயே நிக்கிறார், அவரே படிக்கட்டும்."

நான் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தேன்.

ஆணையர் தலையாட்டினார். "அப்ப மரம் மேல தப்பு இல்லை. குளிச்ச தண்ணி, அனுமதி உண்டு." மனைவி மரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "ஆனா இவ்வளவு ஈரத்துக்கு எத்தனை வாளி? அஞ்சரைக்கு வீட்டுல இருக்கிறது யாரு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு யோசனை வர வேண்டும். யோசனை வர எனக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அது இல்லாமல் பேசினேன்.

"நான் ரேடியோ கேக்கிறது வழக்கம் மேடம்."

பிரேக்கின் வலது கால் தரையை அழுத்தியது.

"குளியலறையிலயா?" என்றார் ஆணையர்.

"அங்கே எதிரொலி நல்லா இருக்கும்."

கால் இன்னும் பலமாக அழுத்தியது.

"ஏங்க" என்றாள் மனைவி மிகவும் பிரியமாக. "கடைசி வரிசையைப் படிக்கச் சொன்னா படிக்கணும். மனப்பாடமா ஒப்பிக்கக் கூடாது."

"ஷவர் இருக்கா?" என்றார் ஆணையர்.

"அதைக் கழற்றி ரெண்டு மாசமாச்சு மேடம்!" நிமிர்ந்து நின்றேன். "அலமாரி மேல பெட்டிக்குள்ள இருக்கு. பெட்டி மேல தூசி கூட கலையலை. போய்ப் பாருங்க."

மனைவி போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தூசி அழகாக இருந்தது. ஆணையர் மூடியைத் திறந்து ஷவரை எடுத்தார். துளி ஈரம் இல்லை. நான் புன்னகை செய்தேன். அவர் அதைக் கவிழ்த்து ஓர் உதறு உதறினார். உள்ளேயிருந்து ஒரு தேக்கரண்டித் தண்ணீர் என் வலது செருப்பின் மேல் விழுந்தது.

வெளிப்புறத்தைத்தான் துடைத்தேன். உள்ளே துடைக்க யாருக்குத் தோன்றும்?

"நாலாம் விதி" என்றார் ஆணையர். "அண்டை வீட்டார் சாட்சியா நிக்க, பதினைஞ்சு நாள், ஒரு வாளி. நல்ல விதி. நல்லா யோசிச்சிருக்கீங்க. எங்கே உட்கார்ந்து யோசிச்சீங்க?"

"நின்னுகிட்டுதான் மேடம்."

அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலி தப்பியது. ஷவர் ஆணையரின் கைப்பைக்குள் போனது. சாட்சி யார் என்ற கேள்விக்கு இடமில்லை. பிரேக் ஏற்கெனவே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். ஒரு சின்னச் சிக்கல்தான் மிச்சம். இவர் எங்கள் குளியலறைக்குள் வந்து எங்கே நிற்பார்?

"உள்ளே எதுக்கு மேடம்?" என்றாள் மனைவி. "இங்கேயே குளிக்கட்டும். சுவர் நெஞ்சளவுதான். அவர் தன் வீட்டுல நின்னபடியே பார்த்துக்கலாம்."

"ரொம்பச் சரி" என்றார் ஆணையர்.

அவர்கள் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்தேன். அவள் டீ வைத்தாள்.

"குழாயை எப்பத் திருப்பினே?"

"நீங்க ஷவரைக் கழற்றின மறுநாள். ஞாயித்துக்கிழமை. வறட்சிக் கூட்டம்னு ஆபீஸ் போனீங்களே."

"நான் திரும்ப மாட்டுவேன்னு அப்பவே எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா அந்தத் தண்ணிச் சத்தத்துக்கு வெளியே நின்னு சமைக்கிறேன். அஞ்சு நாள் தாங்குவீங்கன்னு நெனைச்சேன். நாலுல விழுந்துட்டீங்க."

"கடையில நேரம் மாத்தினது?"

"நானா கேட்டு வாங்கினேன். பக்கத்துல ஆள் இருந்தா உங்களுக்கு நிம்மதியா குளிக்க வராது."

"அந்த சோப்பு?"

"உங்க பழைய சோப்பு வேருக்கு ஆகாதாம். பிளம்பர்தான் சொன்னார்."

எனக்கு ஏமாந்த கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒரு மனிதனின் பெருமை இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும். நாளை முதல் ஒரு வாளிதான். ஒரு வாளியில் என்ன பெரிதாக மிச்சம் வரும்? அவள் திட்டம் இன்றோடு முடிந்தது. கடைசியில் ஜெயித்தது சட்டம். சட்டம் என்றால் நான். இப்படி நினைத்ததும் மனம் லேசானது. ஷவர் இல்லாமலே ஒரு யோசனை வந்துவிட்டதே!

மறுநாள் காலை ஏழு மணி. முழங்கால் வரை கால்சட்டை போட்டுக்கொண்டு, தலைநிமிர்ந்து, மரத்தடியில் வாளியோடு நின்றேன். சுவருக்கு மேல் பிரேக்கின் தலையும் ஒரு நோட்டும் தெரிந்தன. என் செத்துப்போன ஷவரை நினைத்து, முதல் செம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தேன். அது உடம்பு முழுவதும் வழிந்து காலடியில் விழுந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் மண் உறிஞ்சியது.

சமையலறை ஜன்னல் திறந்தது.

"ஏங்க, ரெண்டடி இடது பக்கம் தள்ளி நின்னு குளிங்க. அங்கேதான் வேர் காயுது."